மாமனார் சுவரும் கடப்பைக் கல்லும்

என் வீட்டுக்காரர் தம் வாழ்நாளில் ஒரு தடவைகூட உலை வைத்தவரில்லை. அதனால் அடுப்படி எப்படி இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை.

போடிக்கு ரயில் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. உலகச் சண்டைக்காலத்தில் அந்தத் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது அப்புறம். கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில், வாய்க்காலை ஒட்டி எங்கள் வீடு. நெல்லும் வாழையும் பிழைப்பு. எனக்குப் பத்தொன்பது வயது. பண்ணைப்புரத்திலிருந்து வாக்கப்பட்டு வந்து இரண்டு வருஷம். வீட்டில் மூன்றே பேர்: நான், அவர், அவருடைய அக்கா. இளம் வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர் அந்த அக்கா. நான் மதினி என்று கூப்பிடுவேன். சமையல் எங்கள் இருவர் கையில். சாப்பாடு பற்றிய கருத்து அவர் ஒருவர் வாயில்.

அந்தச் சித்திரையில் அவர் வாழைத்தாரோடு கம்பமெட்டு ஏறி, மலைமேல் ஏலக்காய் எஸ்டேட் வைத்திருந்த ஒரு துரையின் பங்களாவுக்குப் போனார். பின்வாசலில் தாரை இறக்கிவிட்டு நின்றபோது குசினிக் கதவு திறந்திருந்திருக்கிறது. அந்தத் திறந்த கதவுதான் எங்களைப் பிடித்த கிரகம்.

வந்ததும் வராததுமாக முற்றத்தில் நின்று சொன்னார்:

"அங்கன குசினியில ஒரு கல்லு போட்டிருக்காக பாரு! கறுப்புன்னா அப்படி ஒரு கறுப்பு. குனிஞ்சா மொகம் தெரியுது. சமையக்காரன் நின்னுக்கிட்டே காய் நறுக்குறான், நின்னுக்கிட்டே தாளிக்கிறான். நம்ம வீட்டுலயும் நீங்க ரெண்டு பேரும் நின்னுதான் சமைக்கணும்."

மதினி முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நிக்கிறதுக்கு நாங்க என்னடா குத்தம் பண்ணுனோம்?" என்றார்.

அவருக்கு அது காதில் விழவில்லை. பிடிக்காத பேச்சு எதுவும் அவர் காதில் விழாது. மற்றபடி நல்ல காது.

கல் போடுவதற்கு முதலில் கொத்தனார் வேண்டும். ராயப்பன்பட்டியிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்தார். அங்கே மாதா கோயிலில் சுண்ணாம்புப் பூச்சு பூசிய கை என்று பெயரெடுத்தவர். அமைதியான மனுஷர். வாயில் வெற்றிலை இருந்தால் பேசமாட்டார்; வாயில் எப்போதும் வெற்றிலை இருக்கும். அவருக்கு ஞாயிறு வேலை ஆகாது. எங்களுக்குச் செவ்வாய் ஆகாது. சனி யாருக்குமே ஆகாது. மிச்ச நாட்களில் ராகு காலமும் எமகண்டமும் போக, வேலைக்கென்று கிடைத்த நேரத்தில் அவருக்குப் பசிக்கும். ஆக, பத்து நாளில் முடியவேண்டிய ஆயத்தம் சித்திரையில் தொடங்கி ஆடி வரைக்கும் இழுத்தது.

கொத்தனார் சொன்ன முதல் காரியம், அடுப்படியைக் காலி பண்ண வேண்டும் என்பது. என் வீட்டுக்காரர் "அதெல்லாம் ஒரு நிமிச வேலை" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அந்த ஒரு நிமிஷம் எனக்கும் மதினிக்கும் மூன்று நாள் ஆனது. உறிகள், ஊறுகாய்ச் சாடிகள், புளிப்பானை, மிளகாய்ப்பானை, யாரும் எடுத்துப் பார்த்தே இராத ஒரு பெரிய அண்டா, அந்த அண்டாவுக்குள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்த எலிகள் என்று ஒவ்வொன்றாக வெளியேற்றினோம். அப்புறம் சுவரில் படிந்திருந்த கரியைச் சுரண்டினோம். சுண்ணாம்பு ஒட்ட வேண்டுமென்றால் கரி இருக்கக்கூடாதாம். சுரண்டி முடித்தபோது சுவர் வெளுத்திருந்தது, நாங்கள் கறுத்திருந்தோம்.

சமையல் மாட்டுக்கொட்டத்துக்கு மாறியது. ஒரு பக்கம் பசு, ஒரு பக்கம் அடுப்பு. கம்பத்துக் கணவாயில் தென்மேற்குக் காற்று கிளம்பும் காலம் அது. எங்கள் பள்ளத்தாக்கில் அந்தக் காற்று அடித்தால் கூரையையே தூக்கும். கொட்டத்து அடுப்பு எந்த மூலைக்கு? ரசத்தில் வைக்கோல் மிதந்தது. சோற்றில் பதர் கிடந்தது. பசு தன் பங்குக்கு வாலைச் சுழற்றியது. என் வீட்டுக்காரர் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்து, பருப்பிலிருந்து ஒரு துரும்பை எடுத்து வைத்துவிட்டு, "கொஞ்ச நாளுக்குப் பொறுத்துக்கங்க. எல்லாம் உங்க சௌகரியத்துக்குத்தான்" என்று எங்களுக்கு ஆறுதல் சொன்னார். மறுநாளிலிருந்து அவருக்கு மத்தியானத்தில் கம்பத்தில் தினமும் ஜோலி இருந்தது. கம்பத்தில் சாப்பாட்டுக் கிளப்புக்கடையும் இருந்தது.

இதற்கிடையே கொத்தனார் கட்டைச்சுவர் எழுப்பத் தொடங்கினார். கல் உட்காருவதற்குச் செங்கல்லில் இரண்டு கால்; அடுப்பு வைக்க ஓரத்தில் தனியாக ஒரு செங்கல் மேடை. நெருப்பு கல்மேல் பட்டால் வெடித்துவிடும் என்றார். சுண்ணாம்பை நாள்கணக்கில் நீற்றி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்தார்கள். அந்தக் கருப்பட்டி வாசத்துக்கு ஊர் எறும்பெல்லாம் வீடு வந்து சேர்ந்தது.

உயரம் வைக்கிற நாளில் கொத்தனார் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். முக்கியமான பேச்சு என்று தெரிந்தது.

"ஐயா, சமைக்கிறவுகள வந்து நிக்கச் சொல்லுங்க. இடுப்பு ஒசரம் பாத்து வச்சிருவோம்."

"எதுக்கு? நான்தான் நிக்கிறேன்ல. என் இடுப்புக்கு வைங்க."

என் வீட்டுக்காரர் ஊர்ச் சாவடிக்குள் குனிந்து நுழைகிற உயரம். நான் அவருக்குத் தோளுக்குக் கீழே. கொத்தனார் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், செங்கல்லை அடுக்கிப் பலகையைப் போட்டுவிட்டு, "தாயி, சும்மா ஒருக்கா நின்னு பாருங்க" என்றார். நின்றேன். பலகை என் நெஞ்சுக்கு நேரே இருந்தது. மேலே வைத்த பானைக்குள் எட்டிப் பார்க்கக் குதிகாலைத் தூக்க வேண்டியிருந்தது.

"உள்ள என்ன வேகுதுன்னே தெரியாதுங்க" என்றேன்.

"நீ இன்னும் வளருவ" என்றார் என் வீட்டுக்காரர்.

இரண்டு வருஷமாக அந்த வீட்டில் நான் வளராததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கும் குரலில்கூட அதைச் சொல்லவில்லை. உத்தரவு போடுகிற குரலில் சொன்னார். கடைசியில் கட்டைச்சுவரை இறக்குவதைவிட என்னை ஏற்றுவது சுலபம் என்று முடிவாகி, ஆசாரியிடம் எனக்கு ஏறி நிற்க ஒரு பலகை செய்யச் சொன்னார். அதையும் எனக்குச் செய்த உபகாரக் கணக்கில்தான் கடைசிவரை வைத்திருந்தார்.

கொத்தனாரிடம் ஒரு ரசமட்டம் இருந்தது. மரக்கட்டையில் பதித்த சின்னக் கண்ணாடிக் குழாய். அதற்குள் ஒரு குமிழி. கட்டை மட்டமாக இருந்தால் குமிழி நடுவில் நிற்கும், இல்லையென்றால் ஓரத்துக்கு ஓடும். என் வீட்டுக்காரர் அதைக் கண்டதிலிருந்து அவருக்குச் சோறு தண்ணி மறந்துபோயிற்று. அம்மிமேல் வைத்துப் பார்த்தார்: கோணல். கட்டில்மேல் வைத்தார்: கோணல். வாசற்படி, பெஞ்சு, நெல் அளக்கிற மரக்கால், எல்லாம் கோணல். "இத்தன நாளா எப்படித்தான் இதுகளோட குடும்பம் நடத்துனோமோ!" என்று என்னைப் பார்த்து வருத்தப்பட்டார்.

ஆனால் எதற்கு அளவு பார்க்க வேண்டுமோ அதற்குக் கொத்தனார்தான் நூல் பிடித்தார். கல் ஒட்டி உட்காரவேண்டிய அடுப்படிச் சுவரின் இரு மூலையிலும் ஆணி அடித்து நூலைக் கட்டப் போனார். நடுவில் நூல் சுவரில் இடித்து நின்றது. இரண்டு ஓரத்திலும் இடைவெளி. நடுச்சுவர் உள்பக்கமாக வயிறு தள்ளிக்கொண்டிருந்தது.

"ஐயா, சுவரு நாலு வெரக்கடை தள்ளியிருக்கு. நேரா வெட்டுன கல்லு இங்கன ஒக்காராது. ரெண்டு ஓரத்துலயும் சந்து விழுகும்."

அந்த வீட்டில் யாரும் சொல்லத் துணியாத பேச்சு அது. காரணம் சொல்ல வேண்டும். அந்த வீட்டைக் கட்டியவர் காலஞ்சென்ற என் மாமனார். கொத்தனாரே வைக்காமல், தம் கையாலேயே கட்டினார் என்பது எங்கள் குடும்பத்தின் பெருமை. கண்ணாலேயே மட்டம் பார்ப்பாராம். நூலும் தூக்குக்குண்டும் கை நடுங்குகிறவர்களுக்குத்தான் என்பாராம். இதை நான் வந்த முதல் வாரத்திலேயே நாலு தடவை கேட்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் நூலின் ஒரு முனையைப் பிடித்துப் பார்த்தார். மறு முனைக்குப் போய்ப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"உங்க நூலுதான் கோணலா இருக்கு."

கொத்தனார் வாயில் வெற்றிலை இல்லாத நேரம். அவசரமாக ஒன்றை மடித்துப் போட்டுக்கொண்டார். இழுத்துக் கட்டிய நூல் கோணலாக இருக்கும் என்று அவருடைய தொழிலில் யாரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

"எங்கப்பா கட்டுன சுவரு. இந்த ஊருல எந்தச் சுவரு கோணினாலும் இது கோணாது. கல்ல நேரா வெட்டச் சொல்லுங்க" என்று ஒரு காகிதத்தில் நீளமும் அகலமும் எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். தேனியில், ரயிலில் வந்து இறங்குகிற கடப்பைக் கற்களை அறுத்து இழைத்துக் கொடுக்கும் ஒரு கொட்டகை இருந்தது. மறுநாள் காலையில் கொத்தனார் அந்தக் காகிதத்தோடு அங்கே போவதாகப் பேச்சு.

அன்று மத்தியானம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மூன்று மாதமாக மாட்டுக்கு எதிரே உட்கார்ந்து சமைத்தவள் நான். இவ்வளவுக்கும் பிறகு அந்தக் கல்லுக்கும் சுவருக்கும் நடுவே விழுகிற சந்தில் குழம்பு வழியும், கரப்பான் குடிபோகும், அதைத் துடைக்கக் குச்சியில் துணி சுற்றிக்கொண்டு நிற்பதும் நானாகத்தான் இருக்கும். என் மாமனார் பெருமையை அவர் மகன் காப்பாற்றுவார். சந்தை நான்தான் கழுவ வேண்டும்.

என் பனையோலைப் பாயை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். செங்கல் கால்களின் மேல் பலகைகள் கிடந்தன. அவற்றின்மேல் பாயை விரித்துச் சுவரை ஒட்டித் தள்ளினேன். நடுவில் முட்டியது. முட்டிய இடத்தில் கரிக்கட்டியால் கோடு போட்டு, அரிவாளால் அறுத்தேன். மறுபடி தள்ளினேன். மறுபடி அறுத்தேன். ரவிக்கைத் துணி வெட்டுகிற மாதிரிதான். முதுகு வளைந்தவருக்கு நேர்த்துணி தைத்தால் எப்படிப் பொருந்தும்?

பின்னால் நிழல் ஆடியது. திரும்பினால் மதினி.

அவருடைய அப்பா கட்டிய சுவர். நான் அதற்குக் கோணல் பட்டம் கட்டிக்கொண்டிருக்கிறேன், அதுவும் அரிவாளோடு.

மதினி வந்து பாயைப் பார்த்தார். சுவரை ஒரு கையால் தடவினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஏத்தா, கெழக்குப் பக்கமா இன்னும் ஒரு வெரக்கடை எடு."

உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"சுவரு கட்டும்போது அங்கன கல்லு பத்தல. மழை வேற வந்துருச்சு. எங்கப்பா சும்மா மண்ண அப்பி விட்டாக. எனக்குத் தெரியாதா? நான்தான மண்ணு மிதிச்சேன். ஒன் வீட்டுக்காரன் அப்பத் தொட்டில்ல கெடந்தான்."

இருபத்தைந்து வருஷமாக அந்தச் சுவர் கோணல் என்று தெரிந்த ஒரே ஆள், அந்தச் சுவரின் பெருமையைத் தினமும் கேட்டுக்கொண்டு அதன் அடியிலேயே உட்கார்ந்து சமைத்துக்கொண்டிருந்திருக்கிறார். "ஏன் மதினி, ஒருநாளும் சொல்லல?" என்று கேட்டேன்.

"சுவரு நின்னுக்கிட்டுத்தான இருக்கு. அப்புறமென்ன?" என்றார். அரிவாளை என்னிடமிருந்து வாங்கி, அந்த ஒரு விரற்கடையை அவரே அறுத்தார்.

சாயங்காலம் கொத்தனார் சாமானை எடுத்து வைக்க வந்தபோது பாயைச் சுருட்டி அவரிடம் கொடுத்தோம்.

"காயிதத்த அங்கன யாருகிட்டயும் காட்டாதீக. கல்லு இந்தப் பாய் கணக்கா வரணும்" என்றேன்.

"ஐயாவுக்குத் தெரிஞ்சா?"

"அவனுக்குத்தான் கோணலே தெரியாதே" என்றார் மதினி. "இது மட்டும் எங்கிட்டுத் தெரியப்போகுது?"

கொத்தனார் நான் பார்க்க முதல் தடவையாகச் சிரித்தார்.

ஆடி பிறந்து சில நாளில் கல் வந்தது. தேனியிலிருந்து மாட்டுவண்டியில், வைக்கோல் மெத்தைமேல் புதுப்பெண்ணைப்போல் படுத்துக்கொண்டு வந்தது. நான் வாக்கப்பட்டு வந்த வண்டியில் வைக்கோல் இவ்வளவு இல்லை. ஆறு பேர் இறக்கினார்கள். என் வீட்டுக்காரர் ஏழாவதாகக் கல்லைத் தொட்டும் தொடாமலும் நடந்து, "மெல்ல, மெல்ல" என்றார். அவர் பங்கு பாரம் அந்த இரண்டு சொல்தான்.

முற்றத்தில் வைக்கோலை உதறியதும் கல்லின் பின் ஓரத்தைப் பார்த்துவிட்டார்.

"என்னய்யா இது? பின்னாடி உள்வாங்கியிருக்கு?"

கொத்தனார் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு நிதானமாக மாற்றினார்.

"சுண்ணாம்பு புடிக்கிறதுக்கு அப்படித்தான் வெட்டுவாக ஐயா. துரைமாரு பங்களாவுலெல்லாம் இதுதான் வழக்கம்."

துரை என்ற சொல் வந்த பிறகு கேள்வி ஏது? "அதான பாத்தேன்" என்றார் என் வீட்டுக்காரர். "நான் அங்கனயே கவனிச்சேன்."

கல்லை உள்ளே கொண்டுபோய்ச் செங்கல் கால்களின்மேல் இறக்கி, சுவரோடு சேர்த்துத் தள்ளினார்கள். கோழி முட்டைமேல் உட்காருகிற மாதிரி பொருந்தி உட்கார்ந்தது. ஒரு ஓரத்திலும் சந்தில்லை, நகம் நுழையாது. ரசமட்டத்தை வைத்தார்கள். குமிழி நடுவில் வந்து அசையாமல் நின்றது.

என் வீட்டுக்காரர் சுவருக்கும் கல்லுக்கும் நடுவே விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோரையும் சுற்றிப் பார்த்தார். அப்படியொரு முகத்தை அவரிடம் எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

"சுவரு கோணல்னீங்களேய்யா! இப்பப் பாருங்க! எங்கப்பா கண்ணுன்னா கண்ணு!"

கொத்தனார் தரையைப் பார்த்தார். மதினிக்கு இருமல் வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொட்டத்துப் பக்கம் போய்விட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். ஏனோ அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. ஐந்து வயதில் அப்பாவைப் பறிகொடுத்தவர் அவர். அவருக்கென்று அப்பா விட்டுப்போனது அந்தச் சுவர்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தபோது நானும் கூட நின்று ஒப்புக்கொண்டேன்.

கல் என்னவோ நல்ல கல்தான். அதைச் சொல்லாவிட்டால் என் நாக்குக்கு அடுக்காது. துடைத்தால் ஒரே இழுப்பில் துடைபடும். மாவு பிசைந்தால் ஒட்டாது. உச்சி வெயில் நேரத்தில் யாரும் இல்லாதபோது அதன்மேல் கன்னத்தை வைத்தால் வாய்க்கால் தண்ணீரில் முகம் வைத்த மாதிரி இருக்கும். நான் வைத்திருக்கிறேன். மதினி வைத்ததையும் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கொருவர் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

நின்று சமைப்பதுதான் மதினிக்கு ஒத்துவரவில்லை. இரண்டு நாள் நின்றார். கால் மரத்துப்போகிறது என்றார். எனக்குச் செய்த பலகைமேல் ஏறிப் பார்த்தார்; இடறுகிறது என்றார். மூன்றாம் நாள் காலையில் பலகையைப் படியாக்கி ஏறி, கல்லின்மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அரிவாள்மணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். உட்கார்ந்தபடியே அடுப்புக்குக் கை எட்டியது. "இதுக்குத்தாண்டி கல்லு. குளுகுளுன்னு இருக்கு" என்றார்.

அன்றைக்குத்தானா என் வீட்டுக்காரர் வர வேண்டும்? கம்பத்திலிருந்து வாழை மண்டிக்காரரைக் கல்லைக் காட்டக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வழியெல்லாம் துரை பங்களாவைப் பற்றியும் நின்று சமைக்கிற நாகரிகத்தைப் பற்றியும் சொல்லிக்கொண்டு வந்திருக்க வேண்டும். அடுப்படி வாசலில் நின்று, "இதான்" என்று கையை நீட்டினார்.

உற்சவர் மாதிரி மேலே வீற்றிருந்த மதினி, பூசணிக்காயிலிருந்து நிமிர்ந்து, "வாங்க" என்றார்.

மண்டிக்காரர் கல்லையும் மேலே இருந்தவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு மரியாதையாகத் தலையை அசைத்தார்.

"நல்ல ஏற்பாடுதான். தரை ஈரம் அண்டாது."

என் வீட்டுக்காரர் ஒரு கணம்தான் தடுமாறினார்.

"ஆமா, அக்காவுக்கு ஈரம் ஆகாது. அதுக்குன்னேதான் போட்டது" என்றார்.

நான் விருந்தாளிக்கு மோர் எடுக்க உள்ளே நுழைந்தேன். மதினி இறங்காமலேயே உறியிலிருந்து மோர்ப்பானையை எட்டி எடுத்து என் கையில் கொடுத்தார்.